எபிங்ஹவுஸ் நம்பாத எண்

என் அப்பா ஒரு பஞ்சாலையில் 26 வருஷம் சைடராக இருந்தார். ஸ்பின்னிங் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பதும், அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவதும்தான் சைடரின் வேலை. கோயமுத்தூர்ப் பக்கம் மில்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு ‘அரை நைட்டு’, ‘முழு நைட்டு’ என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாயங்காலம் தொடங்கி நடுராத்திரி முடிவது அரை நைட்டு. நடுராத்திரி தொடங்கிக் காலையில் விடுவது முழு நைட்டு. பகல் ஷிப்டும் சேர்த்து மூன்றும் மாறி மாறி வரும்.

அப்பாவுக்கு மறதி அதிகம். நான் எத்தனாவது படிக்கிறேன் என்பதை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பார். ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டும் என்று நான்கு நாள் சொல்லி, ஐந்தாம் நாள் அவர் வாங்கி வந்தது டார்ச் லைட் பேட்டரி. ஒரே மாதத்தில் இரண்டு குடை வாங்கினார். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிக்காதவள் ஆத்தா, அப்பாவைப் பெற்றவள். “பொழுதோட படுத்து எந்திரிக்காதவனுக்கு நெனப்பு எங்கடா நிக்கும்? நீங்கெல்லாம் சிரிக்கறீங்க” என்பாள்.

தூக்கத்துக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்? பள்ளிக்கூடம் போகாத ஆத்தாவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் பேச்சுக்கலை கற்பித்த குவிண்டிலியனும் இதைக் கவனித்திருக்கிறார். ஒரே ஒரு இரவு இடையில் கடந்துவிட்டால் மனப்பாடம் செய்தது எப்படியோ உறுதிப்பட்டுவிடுகிறது என்று தன் நூலில் எழுதி, காரணம் தெரியவில்லையே என்று வியந்திருக்கிறார். ஆனால் விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தத் தாமதத்தின் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

1

கதை ஒரு தனி மனிதரிடம் தொடங்குகிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ், ஜெர்மானியர். நினைவாற்றலைத் தராசில் நிறுப்பதுபோல் அளக்க முடியுமா என்ற கேள்வி அவருக்கு. அளப்பதற்கு ஆள் வேண்டுமே? தன்னையே எடுத்துக்கொண்டார். பாட்டையோ கதையையோ மனப்பாடம் செய்தால் பழைய ஞாபகங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு மெய்யெழுத்துக்கு நடுவில் ஓர் உயிரெழுத்து வைத்து, அர்த்தமில்லாத அசைகளாகச் சுமார் 2,300 உருவாக்கினார். 13 அசை கொண்ட வரிசைகளைக் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப ஒரே வேகத்தில் வாசித்து வாசித்து மனப்பாடம் செய்வார். பிறகு ஓர் இடைவெளி. மறுபடி அதே வரிசையைப் படித்து, இந்த முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று குறித்துக்கொள்வார். முதல்முறை 1,000 விநாடி ஆகி, மறுமுறை 600 விநாடியில் முடிந்தால் மிச்சம் 40 சதவீதம். மறந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்கு அந்த மிச்சமே அளவுகோல். இப்படி நாள் தவறாமல், மாதக்கணக்கில்.

1885-இல் வெளியான அவருடைய சிறிய நூலில் உள்ள ‘மறதிக் கோடு’ இன்றைக்கும் உளவியல் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. 20 நிமிடத்துக்குப் பிறகு மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் 35.8. ஒரு நாளில் 33.7. இரண்டு நாளில் 27.8. ஒரு மாதம் கழித்து 21. முதலில் மளமளவென்று சரிந்து, போகப் போக மெதுவாகிறது.

இந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். ஒன்பதாவது மணிக்கும் 24-வது மணிக்கும் நடுவே 15 மணி நேரம். அதில் குறைந்தது வெறும் 2.1. அடுத்த 24 மணி நேரத்தில் குறைந்ததோ 5.9. மறதி போகப் போக மெதுவாக வேண்டும் என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது. முந்தின பதினைந்து மணி நேரத்தில் ஏதோ ஒன்று மறதியின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

எபிங்ஹவுஸ் நேர்மையான மனிதர். இதைக் கவனித்தார், மறைக்காமல் நூலிலேயே எழுதினார். அந்தப் பதினைந்து மணி நேரத்தில் பெரும்பகுதி இரவும் தூக்கமும்தான், தூக்கம் மறதியைத் தாமதப்படுத்தியிருக்கலாமோ என்றுகூட யோசித்தார். அப்படி வைத்துக்கொண்டாலும் இந்த அளவு வித்தியாசம் நம்பும்படி இல்லை, மூன்று அளவுகளில் ஏதோ ஒன்றில் தற்செயலான பிழை நேர்ந்திருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார். தங்கம் கையில் அகப்பட்டது, உரசியும் பார்த்தார், பித்தளை என்று கீழே போட்டுவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூங்குகிறவன் ஒன்றும் செய்வதில்லை என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ‘உண்மை’. விளக்கை அணைத்த அறையில் யார் வேலை செய்வார்கள்?

2

1900-இல் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் ஜார்ஜ் எலியாஸ் முல்லரும் அல்ஃபோன்ஸ் பில்செக்கரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாகப் படித்தது உடனே கெட்டிப்படுவதில்லை, ஊற்றிய காங்கிரீட் இறுகுவதற்குப் பொழுது வேண்டியிருப்பதுபோல் அதற்கும் வேண்டும், அதற்குள் வேறு ஒன்றைப் படித்தால் முதலாவது கலைந்துவிடுகிறது என்றார்கள். காங்கிரீட் உவமை என்னுடையது. அவர்கள் வைத்த பெயர் ‘கெட்டிப்படுதல்’ என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல். நினைவு ஆய்வில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. அதே முல்லரிடம் படித்த ரோசா ஹைன் என்ற பெண், தூங்கப் போகுமுன் படித்தது நன்றாக நிற்கிறது என்று 1914-இல் எழுதினார்.

பத்து வருஷம் கழித்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலென்பாக் என்ற இருவர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். இரண்டு மாணவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே கட்டில் போட்டுத் தங்கினார்கள். பத்துப் பத்து அசைகளாக மனப்பாடம் செய்ய வேண்டும். சில நாள் இரவில் படித்துவிட்டு உடனே தூங்குவார்கள். சில நாள் காலையில் படித்துவிட்டு வழக்கம்போல் வகுப்புக்குப் போவார்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு மணி நேரம் கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார்கள், தூங்கினால் தட்டி எழுப்பிக் கேட்பார்கள். எட்டு மணி நேரம் விழித்திருந்தவருக்குப் பத்தில் ஒன்று தேறியது. தூங்கியவருக்கு ஐந்துக்கு மேல். அதைவிட வியப்பு, தூங்கியவர்களின் மறதி முதல் இரண்டு மணி நேரத்தோடு கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது.

எபிங்ஹவுஸ் கீழே போட்டதை இவர்கள் எடுத்துவிட்டார்கள். ஆனால் பொருள் சொல்லும்போது வழக்கத்துக்கே போனார்கள். விழித்திருக்கும்போது ஆயிரம் புது விஷயங்கள் வந்து பழையதை அழிக்கின்றன, தூங்கும்போது எதுவும் வருவதில்லை, அதனால் பழையது தப்பித்துக்கொள்கிறது என்றார்கள். அதாவது தூக்கம் ஒரு குடை. மழையை மறிக்கிறது, அவ்வளவுதான். இந்தக் குடைக் கொள்கை ஐம்பது வருஷத்துக்கு மேல் அசையாமல் நின்றது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தூங்கும்போது காதில் ஓதினால் பாடம் தானாக ஏறிவிடும் என்று சொல்லி, 1920-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் இயந்திரம் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் எழுதிய நாவலிலும் குழந்தைகளுக்குத் தூக்கத்தில் பாடம் ஓதுகிறார்கள். 1950-களில் சார்லஸ் சைமன், வில்லியம் எமன்ஸ் இருவரும் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஆள் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று மூளையலைகளைப் பார்த்துக்கொண்டே இதைச் சோதித்தார்கள். அரைகுறையாக விழித்திருந்த நேரத்தில் கேட்டதுதான் நின்றது. நன்றாகத் தூங்கும்போது ஓதியது ஒன்றும் ஏறவில்லை. வியாபாரம் படுத்தது. அதோடு ‘தூக்கமும் படிப்பும்’ என்றாலே மானமுள்ள ஆய்வாளர்கள் ஒதுங்கிப் போகும் நிலையும் வந்தது.

3

1953-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதாக அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

முதலாவது சிகாகோவில். யூஜீன் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், கையில் காசில்லாத குடும்பஸ்தர். தூங்குகிறவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்யப் பழைய இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, தன் எட்டு வயது மகன் ஆர்மண்டைக் கட்டிலில் படுக்கவைத்தார். பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே காகிதத்தில் பேனா முள்கள் துள்ள ஆரம்பித்தன. மூடிய இமைக்குள் கண்கள் வெறித்தனமாக ஓடின. மூளையலைகளோ விழித்திருப்பவனுடையவை மாதிரி. இயந்திரம்தான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தார். அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மேன் லேசில் நம்பமாட்டார், தன் மகளையே படுக்கவைத்துச் சரிபார்த்தார். இருவரும் அந்த செப்டம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது இரண்டே பக்கக் கட்டுரை. ரெம் உறக்கம் என்று இன்று நாம் சொல்வது அதுதான். விளக்கணைத்த அறையில் யாரோ நடமாடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில். ஹென்றி மொலாய்சன், 27 வயது. கடுமையான வலிப்புநோய். வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் வலிப்பை நிறுத்த அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் உட்பகுதியில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டார். அதில் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியும் போனது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு 2008-இல் சாகும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. ஐந்து நிமிஷம் முன்னால் பேசியவரிடம் மறுபடி அறிமுகமாகிக்கொள்வார். அறுவைக்கு வெகு முந்தின சின்ன வயது ஞாபகங்கள் அப்படியே இருந்தன. மான்ட்ரியாலிலிருந்து வந்து அவரைப் பரிசோதித்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஆனால் மூன்றாம் நாளும், இப்படி ஒன்றைத் தான் முன்னே செய்ததே இல்லை என்றார் ஹென்றி.

இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்பா அறுந்த இழையைப் பார்க்காமலே ஒட்டுவார். விரல் தானாகப் போகும். அதே அப்பாவுக்கு மகனின் வகுப்பு ஞாபகம் இருக்காது. அவருக்கு மூளையில் எந்தக் கேடும் இல்லை, ஹென்றியோடு ஒப்பிடுவது தப்பு என்று தெரியும். ஆனால் கை கற்பதும் மனம் நினைவில் வைப்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஹென்றியிடமிருந்து கிடைத்த பெரிய பாடம் வேறு. புது ஞாபகம் முதலில் ஹிப்போகேம்பஸில் தங்குகிறது, நாள்பட நாள்பட மூளையின் மேற்பரப்பான புறணிக்குக் குடிபெயர்கிறது. அப்படியானால் வீடு மாற்றும் வேலை எந்த நேரத்தில் நடக்கிறது? பகலெல்லாம் புதுச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறதே?

4

பதில் எலிகளிடமிருந்து வந்தது. 1971-இல் லண்டனில் ஜான் ஓ’கீஃபும் அவருடைய மாணவர் தோஸ்த்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகேம்பஸில் விசித்திரமான செல்களைக் கண்டார்கள். எலி கூண்டின் ஒரு மூலைக்குப் போனால் ஒரு செல் துடிக்கும், இன்னொரு மூலைக்குப் போனால் இன்னொன்று. எந்தச் செல் துடிக்கிறது என்று பார்த்தால், எலி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். இதற்காக ஓ’கீஃபுக்கு 2014-இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. அதே 1971-இல் டேவிட் மார் என்ற 26 வயது இளைஞர், ஹிப்போகேம்பஸ் தற்காலிகக் கிடங்காக இருக்கலாம், தூக்கத்தில் சரக்கு புறணிக்கு மாறலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். சோதித்துப் பார்க்க அப்போது கருவி இல்லை.

1989-இல் பாவ்லிடிஸ், வின்சன் இருவரும் பகலில் அதிகம் துடித்த செல்லே பிறகு தூங்கும்போதும் அதிகம் துடிப்பதைக் கண்டார்கள். அரிசோனாவில் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் ஒன்றிரண்டு செல்லோடு நிற்காமல் ஒரே நேரத்தில் 50-லிருந்து 100 செல்கள் வரை பதிவு செய்தார்கள். செல் துடிக்கும்போது ஒலிபெருக்கியில் சடசடவென்று சத்தம் வரும். ஒருநாள் சோதனை முடிந்து எலி தூங்கிவிட்டது, வில்சன் ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. வேறு வேலையில் இருந்தவருக்கு எலி ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எலி தூக்கத்தில் கிடக்கிறது.

ஓடும்போது சேர்ந்து துடித்த செல்கள் தூக்கத்திலும் சேர்ந்தே துடித்தன. 1994-இல் அவர்கள் கட்டுரை வந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகளில் செல்கள் அதே வரிசையில், ஆனால் ஏறத்தாழ 20 மடங்கு வேகத்தில் ஓடுவது தெரிந்தது. பகலில் நடந்த பாதையை எலி ராத்திரியில் ஓட்டமாக ஓடிப் பார்க்கிறது. இது நடப்பது கனவு மிகுந்த ரெம் உறக்கத்தில் மட்டுமல்ல, முக்கியமாகக் கனவு குறைந்த ஆழ்உறக்கத்தில். ஹிப்போகேம்பஸில் சிற்றலைகள்போல் சில வெடிப்புகள் தோன்றும், ஒவ்வொன்றும் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரம். அந்த நொடித்துணுக்குகளில்தான் ஓட்டம். அதே சமயம் புறணியில் பெரிய மெதுவான அலைகள் எழுந்து அடங்கும். கொடுப்பவரும் வாங்குபவரும் தாளம் தப்பாமல் இருந்தால்தான் சரக்கு கைமாறும்.

சேர்ந்து நடக்கிறது என்பதாலேயே இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? 2009-இல் பாரிஸில் ஜிரார்தோவும் கூட்டாளிகளும் அதையும் பார்த்தார்கள். எட்டுக் கிளைகள் கொண்ட பாதையில் எலிகளைப் பழக்கிவிட்டு, தூக்கத்தில் சிற்றலை எழும் கணத்தில் சிறு மின்துடிப்பு கொடுத்து அதைக் கலைத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே மின்துடிப்பு, ஆனால் சிற்றலை இல்லாத நேரத்தில். இரண்டு கூட்டமும் தூங்கியது. முதல் கூட்டம் மட்டும் பாதையைக் கற்பதில் பின்தங்கியது. தூக்கம் வெறும் குடையாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

5

மனிதர்களிடம்? ராபர்ட் ஸ்டிக்கோல்ட் 2000-இல் 27 பேரை டெட்ரிஸ் விளையாட வைத்தார். வண்ணக் கட்டங்கள் மேலிருந்து விழும், நாம் அடுக்க வேண்டும், அந்த விளையாட்டுதான். கண் அயரும் நேரத்தில் பலருக்குக் கட்டங்கள் விழுவது தெரிந்தது. அவர்களில் ஐந்து பேர் ஹென்றியைப்போல் புது ஞாபகம் தங்காதவர்கள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. அவர்களில் மூன்று பேருக்கும் கட்டங்கள் விழுந்தன. எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

ஜெர்மனியில் யான் போர்ன் குழுவினர் 2007-இல் செய்தது எனக்கு மிகப் பிடித்த சோதனை. சீட்டுக் கட்டில் எந்த ஜோடி எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்யும்போது ரோஜா மணத்தைப் பரப்பினார்கள். இரவில் ஆழ்உறக்கத்தில் அதே மணம். காலையில் 97 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மணமில்லாத இரவில் 86. ரெம் உறக்கத்தில் மணம் கொடுத்தபோது பலனில்லை. அந்தக் காலத்து வியாபாரிகள் தவறவிட்டது இதைத்தான். தூங்குகிற மூளைக்குப் புதுப் பாடம் ஓத முடியாது, பகலில் வாங்கிய பாடத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லி மெல்லத் தட்டலாம்.

எல்லோரும் இதை ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ராபர்ட் வெர்ட்டெஸ், ஜெரோம் சீகல் போன்றவர்கள், ரெம் உறக்கத்தை ஏறக்குறைய ஒழித்துவிடும் மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஞாபகம் ஒன்றும் கெடுவதில்லையே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பார்வை ஆழ்உறக்கத்தின் பக்கம் இன்னும் அழுத்தமாகத் திரும்பியது. ஜூலியோ டொனோனியும் கியாரா சிரெல்லியும் வேறு கோணத்தில் பேசுகிறார்கள். பகலில் தடித்துப்போன நரம்பு இணைப்புகளைத் தூக்கம் இளைக்க வைக்கிறது, சில்லறை விஷயங்கள் உதிர்ந்து முக்கியமானது எடுத்துத் தெரிகிறது என்கிறார்கள். கெட்டிப்படுத்துவதும் உதிர்ப்பதும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

6

சில வருஷம் முன்பு பிரான்ஸிலிருந்து வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். தெற்குப் பிரான்ஸில் 3,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஓய்வு பெற்றவர்களையும் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் மாறும் ஷிப்டில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவாற்றலிலும் சிந்தனை வேகத்திலும் இருந்த குறைவு, ஆறரை வயது கூடுதலாக ஆகியிருந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. ஷிப்டை விட்டால் அது சரியாகிறது, ஆனால் ஐந்து வருஷமாவது ஆகிறது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு இது. ஒரு தனி ஆளின் மறதிக்கு இதுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவுக்குக் கவலைகளும் இருந்தன, கடனும் இருந்தது. பகலில் அவர் தூங்கிய ஒற்றை அறையில்தான் நாங்கள் ரேடியோ வைத்தோம், சண்டை போட்டோம்.

மில் மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பாவுக்கு இப்போது 74 வயது. எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்துவிடுகிறார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். எபிங்ஹவுஸின் 2.1-ஐயும், தூக்கத்தில் ஓடுகிற எலியையும், பிரான்ஸ் தொழிலாளர்களையும். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் மறதிக்காரன் இல்லீங்கறயா?”

“இல்லீங்கப்பா. உங்களுக்கு நெனப்பு வெக்க நேரம் குடுக்கலை.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீ ஏழாவது படிக்கறப்ப ஒரு குடை தொலைச்சுட்டு வந்து அழுதியே, அதுக்குத்தான் ரெண்டாவது குடை வாங்குனேன். நீங்க எல்லாம் சிரிச்சீங்க, நானும் சொல்லலை” என்றார்.

எனக்கு அது ஞாபகமே இல்லை.

அவர் எழுந்து உள்ளே போய் விளக்கை அணைத்தார். மணி ஒன்பது.